முதலில் எடுபட்ட பரிசு

அந்தக் கல்யாணப் பரிசுப் பட்டியலில் இருந்த கோப்பைகள் நான்கா ஆறா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. மற்றதெல்லாம் இப்படித்தான் நடந்தது.

ஒஸ்லோவின் புருசெத் பகுதி வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தபடி, கம்சாயினி கல்யாணப் பரிசுப் பட்டியலை இணையத்தில் ஏற்றினாள். ஒருவர் ஒரு பொருளைத் தெரிவு செய்தால் அவர் பெயர் அதற்கு நேரே வந்துவிடும்.

"கேட்டு வாங்கிறது பரிசோ பிள்ளை?" என்றாள் தாய் செல்வமலர்.

"கேக்காட்டிப் பதினாலு குத்துவிளக்கு வரும் அம்மா. எங்கை வைக்கிறது, பல்கனியிலையோ?"

செல்வமலர் சிரிக்கவில்லை. "ஒருத்தரும் ஒண்டையும் எடுக்காட்டி? இந்தக் கல்யாணம் சனத்துக்குப் பிடிக்கேல்லை எண்டு ஊருக்கே தெரிஞ்சிடுமே."

"தெரியட்டும். நான் அனுப்பிறன்."

பட்டியலின் இணைப்பு உறவினர் எல்லாருக்கும் போனது. தேநீர் ஆறியது. பட்டியலில் ஒரு பெயரும் விழவில்லை.

"நான் அப்பவே சொன்னனான்..."

"பொறுங்கோ! கிரைண்டரை எடுத்தாச்சு. ஆரெண்டு பாருங்கோ, லில்லெஸ்ட்ரோமிலை இருக்கிற மாமி!"

செல்வமலர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "அவவோ? என்ன எழுதியிருக்கிறா?"

கம்சாயினி வாசித்தாள்: "அண்ணா போய் ஒன்பது வருசம். இனியும் தனியச் சாப்பிடாதையுங்கோ, அண்ணி. உங்கடை முதல் கல்யாணத்துக்கு நான்தான் பொம்பிளைத் தோழி. இதுக்கும் நான்தான். வேறை ஆரும் நிக்கப்படாது!"

பொழுதுபடுவதற்குள் பட்டியல் முழுவதும் தீர்ந்தது.

செல்வமலரும் குகதாசனும் வைகாசியில் மணம் முடித்து, பக்கத்திலுள்ள ஹவுகன்ஸ்டுவாவில் வசிக்கிறார்கள். மாமி தோழியாக நின்றாள். பட்டியலை மீறி வந்த ஒன்பது குத்துவிளக்குகளும் கம்சாயினியின் பல்கனியில் இருக்கின்றன.