சக்கரம் ஆறும் வரை

புயலுக்கு முன் கரையேற்ற வேண்டிய வள்ளங்களில் இரண்டுதான் மிச்சம். ஒன்று லம்பர்ட்டினுடையது, மற்றது டிராக்டர் ஓட்டும் தொபியாசின் சொந்த வள்ளம். ஊருக்கு இருந்ததோ ஒரே ட்ரெய்லர். முந்தைய வள்ளத்தை மேட்டில் இறக்கிவிட்டு வேகமாகத் திரும்பிய அந்த ட்ரெய்லரைத் தண்ணீருக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிட்டு, சக்கரத்தின் நடுக்குடத்தில் உள்ளங்கையை வைப்பதும் எடுப்பதுமாகக் குந்தியிருந்தான் தொபியாஸ்.

“ஏ மாப்ள, சக்கரத்துக்குக் காய்ச்சலா பாக்க? தண்ணிக்குள்ள எறக்குல!” என்று கத்தினான் லம்பர்ட்.

“கொதிக்கி மச்சான். இப்படியே எறக்குனா உள்ள இருக்க காத்து சட்டுனு சுருங்கி உப்புத் தண்ணிய உறிஞ்சிரும். கிரீஸ் கெட்டு பேரிங் இறுகிரும். பொறவு வள்ளத்தத் தூக்கிட்டுப் பாதி மேட்டுல நிக்க வேண்டியதுதான். அடுத்த வள்ளத்த எதுல ஏத்த?”

“பாடமெல்லாம் பொறவு நடத்து. அங்க பாரு, உன் வள்ளம்தாம்ல நங்கூரத்த இழுத்துக்கிட்டுப் பாறைக்குப் போவுது!”

தொபியாஸ் நிமிர்ந்து பார்த்தான். ஒவ்வோர் அலையும் அவன் வள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து மறுபடியும் கை வைத்தான்.

அதற்குமேல் லம்பர்ட் கத்தவில்லை. ட்ரெய்லரைச் சுற்றிப் போய் மறுபக்கச் சக்கரத்தில் தன் உள்ளங்கையை வைத்தான்.

“இங்க கை பொறுக்குது மாப்ள. அங்க?”

தொபியாஸ் சுட்ட கையை ஊதிவிட்டு, அதே இடத்தில் மீண்டும் வைத்தான்.