ஐம்பதாவது குடல்

தொட்டித் தண்ணீரில் இரண்டு குமிழி வந்தது. ஆஸ்பத்திரிச் சோதனை அறையில் இருந்த எல்லோரும் குடல் கழுவும் சைரகுல் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன எஜே இது? கழுவும்போது நகம் கிகம் பட்டுச்சா?" என்றார் டாக்டர் எர்மெக். அந்த ஊர்ப் பேச்சில் எஜே என்றால் அக்கா.

"நகம் எல்லாம் படலை டாக்டர். பின் அடிச்ச இடத்துலதான் கசியுது."

ஆட்டுக் குடலை இரண்டாக வெட்டி, எர்மெக் நாலு வருஷமாக உருவாக்கிய ஸ்டேப்ளரால் இணைத்து, காற்றை ஊதித் தண்ணீரில் அமுக்குவார்கள். குமிழி வந்தால் கசிவு. இதுவரை நாற்பத்தொன்பது குடலில் ஒரு குமிழிகூட வந்ததில்லை. இன்றைக்கு ஐம்பதாவதும் தேறிவிட்டால், திங்கட்கிழமை முதல் தடவையாக ஒரு மனிதனுக்கு அந்த மெஷின். கையெழுத்துப் போடத்தான் பிஷ்கெக்கின் பெரிய டாக்டர்கள் மூன்று பேர் குழுவாக வந்திருந்தார்கள்.

"நாப்பத்தொம்பது தடவை கசியாத மெஷின், நாங்க வந்த அன்னிக்குப் பார்த்துக் கசியுமா? ஏதோ கல்யாணத்துக்குப் போற மாதிரி அவசரத்துல கழுவுச்சோ என்னமோ இந்த அம்மா!" என்றார் குழுவில் ஒருவர்.

"அவங்களைத் திட்டாதீங்க, பாவம்" என்றார் எர்மெக் பெருந்தன்மையாக. "எஜே, வேற குடல் எடுத்துட்டு வாங்க."

சைரகுல் நகரவில்லை. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"வேற குடல் வேண்டாம் டாக்டர். அந்த நாப்பத்தொம்பதுல ஏழு கசிஞ்சுது."

குழுவில் ஒருவர் கையில் எடுத்திருந்த பேனாவை மூடினார்.

"பின் அடிச்ச குடலை அலசித் தொட்டிக்குக் கொண்டுவர்றதுக்கு முன்னால, அந்தக் குழாயடியில நானே ஊதிப் பார்த்துடுவேன். கசிஞ்சா பொடியா ஒரு தையல். வீட்டுல குதிரைக் குடல்ல கறி அடைச்சு சுச்சுக் கட்டறப்போ, ஓட்டை இருந்தா விருந்தாளி பார்க்கறதுக்குள்ள தைச்சுடுவோம்ல? அந்தக் கைதான்."

"இது சுச்சுக் இல்லம்மா!" என்றாள் குழுத் தலைவி நுரியா. "வயித்துக்குள்ள கசிஞ்சா நாலஞ்சு நாள்ல ஆளே போயிடுவான். தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா தச்சீங்க?"

"டாக்டர் வீடு வாசலை மறந்து உழைக்கிறார். நாலு பேர் முன்னால தலை குனிய வேண்டாமேன்னு நெனச்சேன்."

"இன்னிக்கு மட்டும் ஏன் தைக்கலை?"

சைரகுல் கதவைப் பார்த்தாள். வெளியே பெஞ்சில், திங்கட்கிழமை ஆபரேஷனுக்காக நாரினிலிருந்து வந்திருந்த லாரி டிரைவர் ஜிர்கல் மனைவியோடு உட்கார்ந்திருந்தான். அவள் மடியில் துணியில் சுற்றிய ரொட்டி.

"காலையில அந்தத் தம்பி டீக்கு வெந்நீர் கேட்டான். 'கையால தைக்கிறதைவிட மெஷின் கெட்டியாமே, எஜே?'ன்னான். இத்தனை நாளும் நான் குடலைத்தான் பார்த்தேன். இன்னிக்குத்தான் குடலுக்குச் சொந்தக்காரனைப் பார்த்தேன்."

நுரியாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆபரேஷன் நூல் உங்களுக்கு எங்கே கிடைச்சுது?"

சைரகுல் எர்மெக்கைப் பார்த்தாள். அவர் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேசை மேல கிடந்துச்சு. நானே எடுத்துக்கிட்டேன். யாருக்கும் தெரியாது."

எர்மெக் மேசையில் ஓங்கித் தட்டினார். "மனுஷ உயிரோட விளையாடியிருக்கீங்களே எஜே! உங்களை எவ்வளவு நம்பினேன்!" சொல்லும்போதே குரல் உடைந்தது. குழுவில் ஒருவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அங்கேயே முடிவானது. ஜிர்கலுக்கு வழக்கம்போலக் கைத்தையல். மெஷினுக்கு ஒன்றிலிருந்து மறுபடி சோதனை. சைரகுல் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்.

"உங்க நேர்மையில எங்களுக்குச் சந்தேகம் இல்லை, எர்மெக்" என்று சொல்லிவிட்டு நுரியா குழுவோடு கிளம்பினாள்.

சைரகுல் ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தாள்.

"மேல் ஓரத்துல ஒரு பின் சரியா மடங்க மாட்டேங்குது டாக்டர். ஏழுலயும் அதே இடம்தான். மொதல்ல அதைச் சரி பண்ணுங்க."

எர்மெக் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஊசியும் நூலும் வழக்கமா வைக்கிற இடத்துலதானே வெச்சிருந்தேன், எஜே?"