கணவாயில் பன்னிரண்டு தாடிகள்

"தாடி எவ்வளவு நீளம் இருக்கும், அண்ணே?" என்று கேட்டாள், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்.

ஆட்டிடையர் எசென்குல் நெஞ்சுக்குக் குறுக்கே கையை வைத்துக் காட்டினார். முந்தின ஊரில் அது தொண்டைக்குழிவரைதான் இருந்தது. ஒரே நாளில் ஒரு சாண் வளர்ந்த தாடியை யாரும் சந்தேகப்படவில்லை.

இரண்டு வாரம் முன்பு, பனி உருகிவிட்டதா என்று பார்க்கத் தெக்கெ கணவாய்க்குப் போனவர், மூச்சிரைக்க இறங்கி வந்து, துப்பாக்கியோடு மூன்று தீவிரவாதிகளைப் பார்த்ததாகச் சொன்னார். ஊர் ஊராகச் சொல்லச் சொல்ல மூன்று ஏழாகி, இன்றைக்குப் பன்னிரண்டில் வந்து நின்றது.

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சுற்றியவர் கர்னல் தால்காட்பெக். எல்லைக் காவலில் இருந்து ஓய்வு பெற்றவர், ஐந்து கிராமங்களுக்கும் தலைவராக வேண்டுமென்று தேர்தலில் நிற்பவர். விருந்தில் பெரிய மனிதர்களுக்கு வைக்கும் ஆட்டுத்தலையைத் தன் தட்டிலிருந்து எடுத்து எசென்குல் தட்டில் வைத்தார். போன மாதம்வரை இரண்டாம் கிண்ணம் தேநீருக்குக்கூட யாரும் உபசரிக்காத மனிதருக்கு இது.

கர்னல் பேச்சை வளர்க்கவில்லை. தான் இருக்கும்வரை கணவாயிலிருந்து ஒருவனும் இறங்க மாட்டான் என்றார், உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கண் கலங்கியது.

தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவள் கால்நடை மருத்துவர் ஜுமாகுல். பதினோரு வருடமாக அந்த ஊர்களின் ஒவ்வோர் ஆட்டுக்கும் ஊசி போட்டவள். வீட்டுக்கு வீடு தண்ணீர்க்குழாய் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"பன்னிரண்டு பேரும் ரெண்டு வாரமா மேல என்னத்தைச் சாப்பிடுறாங்க? ஒரு ஆடுகூடக் காணாமப் போகலையே."

எசென்குல் குனிந்து ஆட்டுத்தலையில் இன்னொரு துண்டைப் பிய்த்தார். நல்லவேளை, டிராக்டர்காரர் மம்பெத் முந்திக்கொண்டார்.

"அதுதானே பயமா இருக்கு, டாக்டரம்மா. ஆடு திருட வராதவன் வேற எதுக்கு வந்திருக்கான்?"

கூட்டம் நடுங்கியது. தினமும் ஆற்றுக்கு இரண்டு வாளியோடு நடக்கிற பெண் ஒருத்தி, உயிர் இருந்தால்தானே குழாயில் தண்ணீர் பிடிக்க முடியும் என்று கேட்டாள். அதற்கும் கைதட்டல். அறிவு இப்படிப் பொங்கி வழிகிற கூட்டத்தை எங்கள் பக்கத்தில் தேர்தல் சமயத்தில் மட்டும்தான் பார்க்கலாம்.

வழக்கமாக மே மாதம் பிறந்தால் எங்கள் ஊர்களில் ஓட்டப்பந்தயம்தான். கணவாயைத் தாண்டி யார் மந்தை முதலில் போகிறதோ அதற்குத்தான் கோடைமுழுக்க இடுப்பளவு புல். பிந்தியவன் ஆடு கல்லைத்தான் நக்க வேண்டும். இந்த வருடம் யாரும் அசையவில்லை. கீழே இருக்கிற காய்ந்த சரிவே போதும் என்று எல்லாரும் ஒதுங்கிவிட்டார்கள்.

எசென்குல் மட்டும் போவதாகச் சொன்னார். அவருடைய தொண்ணூறு ஆடுகளுக்கும் விலா எலும்பு தெரிந்தது. வைக்கோல் ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது.

"என்ன பண்றது, ஆடு பயத்தைத் தின்னு வாழாதே," என்றார். அந்தத் துணிச்சலைக் கேட்டு மம்பெத் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேர்தல். பத்துக்கு எட்டு ஓட்டு கர்னலுக்கு. ஜுமாகுலின் சொந்த அண்ணனே அவளிடம் வந்து, நியாயப்படி உனக்குத்தான் போட்டிருக்க வேண்டும், ஆனால் நான் பிள்ளைகுட்டிக்காரன் என்றார். அவள் அவருடைய பசுவுக்கு மருந்து கொடுக்கப் போனாள்.

புதன்கிழமை காலை எசென்குல் மந்தையை ஓட்டிக்கொண்டு கணவாய் அடிவாரத்துக்குப் போனார். பாதையின் குறுக்கே புதுத் தடுப்புக்கட்டை, இரண்டு காவலர்கள். மக்கள் பாதுகாப்புக்காகத் தலைவர் போட்ட முதல் உத்தரவு, மனிதரோ ஆடோ மேலே போகக் கூடாது என்றார்கள். கெஞ்சினார், திட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. ஆடுகளை அங்கேயே விட்டுவிட்டுத் தலைவர் அலுவலகத்துக்கு ஓடினார்.

கர்னல் எழுந்து வரவேற்றார், தேநீர் கொடுத்தார், உத்தரவை மட்டும் மாற்ற மறுத்தார். பன்னிரண்டு துப்பாக்கிகள் இருக்கிற இடத்துக்கு உங்களை அனுப்பினால் என் மனசு தாங்குமா என்று கேட்டார்.

இன்னும் பத்து நாள் புல் இல்லாவிட்டால் மந்தையில் பாதி செத்துவிடும். எசென்குல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மேல யாருமே இல்லை, தலைவரே. ஒரு நரியைக்கூட நான் பார்க்கல. மத்தவங்க ஆடு வரக் கூடாது, புல்லு மொத்தமும் எனக்கே வேணும்னு நானாச் சொன்ன பொய்."

கர்னல் அவர் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினார். எழுந்து போகலாம் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"அது தெரியும், அண்ணே. நானும் ஆடு மேய்ச்ச வீடுதான், எங்கப்பா வருஷா வருஷம் ஓநாய்னு சொல்வாரு," என்றபடி சவுக்கை எடுத்துக்கொண்டார். "சீக்கிரம் குடிங்க. என் ஆடு ஐந்நூறும் நேத்தே மேல ஏறியாச்சு, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வரணும்."