அடுப்படிக்கு வராத ஆண்கள்

"கத்தியை அப்படியா பிடிப்பாங்க? பூசணிக்கே பயமா இருக்கும்" என்றாள் மாமியார்.

யோன்ஜு கத்தியை மாற்றிப் பிடித்தாள். ஒரு துண்டு தடியாக விழுந்தது, அடுத்தது இலை மாதிரி விழுந்தது.

நாளைக்கு அறுவடைப் பண்டிகை. சியோலில் இருந்து காரில் கிளம்பி, ஆண்டோங்கில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். முன்னோருக்குப் படைக்க ஒரு கூடை நிறைய ஜோன் என்ற பலகாரம் வேண்டும். பூசணி, மீன் எல்லாவற்றையும் மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்துச் சுட வேண்டும். அது மருமகள் வேலை. ஆம்பளைகள் கூடத்தில் டிவி பார்ப்பார்கள். அந்த வீட்டு வழக்கம் அது.

யோன்ஜு அடுப்பைத் தொட்டே மாதக்கணக்காகிறது. அதுதான் தொல்லை.

மகள் போமி பிறந்ததும் அவளும் கணவன் கிசோக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். குழந்தைக்கு ஆள் வைத்தால் கிசோக்கின் சம்பளம் அப்படியே அந்த ஆளுக்குப் போய்விடும். யோன்ஜுவின் சம்பளம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் பிள்ளை வளர்க்கும் விடுப்பை கிசோக் எடுத்துக்கொண்டான். சமையல், துணி, போமி எல்லாம் அவன் பொறுப்பு. வாடகை, பால் பவுடர், கரண்ட் பில் எல்லாம் அவள் பொறுப்பு. வீடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாமியாரிடம் மட்டும் சொல்லவில்லை.

எதிர்வீட்டுப் பையன் மாடியில் துணி காயப்போட்டதைப் பார்த்துவிட்டு, "பெத்த வயிறு எப்படி எரியும்" என்று அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்தவள் அவள். தன் மகன் கதை தெரிந்தால், "நாளைக்கே வேலைக்குப் போடா" என்பாள். கிசோக்குக்கு அம்மா பேச்சைத் தட்டத் தெரியாது. அப்புறம் யோன்ஜுதான் வேலையை விட வேண்டும்.

காரிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"அங்க போனதும் நீ டிவி முன்னாடி உட்காந்துரு. அடுப்படிப் பக்கம் தலை வச்சும் படுக்காத."

"நீ மீனைக் கருக்கிட்டா?"

"கருகினா கருகட்டும். நீ வாயைத் திறக்காத."

ஆண்டோங் வந்ததும் 'நீ' எல்லாம் 'நீங்க' ஆகிவிட்டது.

மாமியார் முக்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிசோக் கை என்ன இப்படி வெடிச்சுக் கெடக்கு?"

"ஆபீஸ்ல பேப்பர் வேலை ஜாஸ்தி அத்தை."

"ஏன், பேப்பர் கடிக்குதா?"

பதில் சொல்வதற்குள் கூடத்தில் போமி விழித்து அழுதாள். தவாவில் மீனைப் போட்டுவிட்டு யோன்ஜு ஓடினாள். மாமியாரும் பின்னாலேயே வந்தாள். யோன்ஜு தூக்கியதும் போமி அவளை இரண்டு கையாலும் தள்ளிவிட்டு, "அப்பா! அப்பா!" என்று கிசோக்கிடம் தாவினாள்.

"அவர் முகத்தை எப்பவாவதுதான் பாக்குறா, அதான் அத்தை" என்று சமாளித்தாள் யோன்ஜு.

மாமனார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்போதுதான் கருகல் வாசம் வந்தது.

"ஐயோ, மீன் கருகுது!"

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கிசோக் அடுப்படிக்குள் பாய்ந்தான், மாமியாரும் யோன்ஜுவும் பின்னாலேயே ஓடினார்கள். அடுப்பை அணைத்தான். கரண்டியை ஒரு சுழற்றுச் சுழற்றிக் கருகியதை எல்லாம் அள்ளி ஒரு ஓரமாக ஒதுக்கினான்.

"மாவுல புரட்டினதும் நல்லா உதறணும்னு எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எத்தனை தடவையா?" என்றாள் மாமியார்.

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. யோன்ஜு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, போமி அப்பா இப்ப வீட்டுலதான் இருக்கார். குழந்தையைப் பாத்துக்கறது, சமைக்கறது எல்லாம் அவர்தான். நான் வேலைக்குப் போறேன். எங்களுக்கு இதுதான் கட்டுப்படியாகுது. வேற வழி தெரியல."

"நான்தாம்மா எடுத்துக்கறேன்னு சொன்னேன்" என்றான் கிசோக் மெதுவாக.

"நீ பேசாத!"

மாமியார் யோன்ஜு பக்கம் திரும்பினாள்.

"என் பிள்ளையைச் சட்டி கழுவ வச்சிருக்கியா? உன் மாமனாரைப் பாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த வீட்டுல ஒரு டம்ளர் கழுவியிருப்பாரா? ஆம்பளையை வச்சுக்கற விதம் அது! நகருங்க ரெண்டு பேரும். நானே சுடறேன்."

யோன்ஜு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். நாளைக்குப் படையல் முடிந்ததும் பஞ்சாயத்துதான். சியோலுக்குத் திரும்பும்போது அவள் வேலை இருக்குமா என்பதே சந்தேகம்.

மாமியார் கருகின தவாவைத் தூக்கி சிங்கில் போட்டாள். மேல் அலமாரியைத் திறந்தாள். கிண்ணங்கள்தான் இருந்தன. அடுத்ததைத் திறந்தாள். கடற்பாசிப் பொட்டலங்கள்.

"இன்னொரு தவா இருந்துச்சே..."

இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கடைசியில் ஃப்ரிட்ஜையும் திறந்து பார்த்தாள்.

"அங்க போய் ஏன் தேடுற?" கூடத்திலிருந்து மாமனார் குரல் வந்தது. டிவியைப் பார்த்தபடியேதான் பேசினார். "சிங்குக்குக் கீழ, இடது பக்கம். நேத்துதான் தேய்ச்சுக் கவுத்தேன். பக்கத்துலயே என் ஏப்ரன் தொங்குது பாரு, அதைப் பையன்கிட்ட குடு. சட்டையில எண்ணெய் தெறிச்சா லேசுல போகாது."