மாதிரிக் கேள்வி

நேர்முகத் தேர்வுக்கு வந்தவன் பலகையில் எழுதிக்கொண்டே போனான். மேசை ஓரத்தில் உட்கார்ந்து அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒரு வரி விடக்கூடாது. மேனேஜர் முரளீதரன் காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஒரே பஸ் சீட்டை ஒரே நொடியில் இரண்டு பேர் பதிவு செய்கிறார்கள். வழக்கமான தடுப்பெல்லாம் போட்டும் இரண்டு பேருக்கும் டிக்கெட் போய்விடுகிறது. தவறு எங்கே? மூன்று பக்கம் அச்செடுத்துக் கொடுத்து, இதுதான் நேர்முகத் தேர்வின் கேள்வி என்றார்கள்.

பஸ்ஸாவது சீட்டாவது! அது ஓர் ஆஸ்பத்திரியின் அப்பாயின்ட்மென்ட். அவளுடைய டீம் எழுதிய புரோகிராம். மூன்று வாரமாக ஒரே டாக்டரிடம் ஒரே நேரத்துக்கு இரண்டு நோயாளிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. டீமில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. அதற்குத்தான் வேலையில்லாத பிள்ளைகளை வரவழைத்திருந்தார்கள். இந்த மாடியில் காலியிடம் ஒன்றுகூடக் கிடையாது.

அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தாள்.

சேர்ந்து பதினோரு மாதம். இன்று சாயங்காலத்துக்குள் இது சரியானால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு.

காலையில் இரண்டு பேர் திணறிவிட்டுப் போனார்கள். இவன் மூன்றாவது. பெயர் இன்பராஜ், ஊர் அருப்புக்கோட்டை, போன வருடம் படிப்பை முடித்தவன். புதுச் சட்டையில் கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

நாற்பது நிமிடத்தில் பிடித்துவிட்டான். அப்போது அவன் சிரித்த சிரிப்பை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சார், இது எங்கயோ நெசமா ஓடுறதுதான சார்?"

"சும்மா ஒரு மாதிரிக் கேள்விப்பா," என்றார் முரளீதரன். "மெயில் வரும், போயிட்டு வா."

அவளுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனான். கதவு மூடுவதற்குள் முரளீதரன் பலகையை அழித்தார். படிவத்தில் 'தகுதியில்லை' என்று போடச் சொன்னார்.

படுபாவி.

போட்டாள்.

அவன் எழுதியதை வரி பிசகாமல் லேப்டாப்பில் தட்டினாள். ஓட்டிப் பார்த்தாள். மறுபடி ஓட்டினாள். நூறு தடவை ஓட்டியும் ஒரு நேரத்துக்கு ஒரு நோயாளிதான் வந்தார்.

"என்னம்மா, சரியாயிடுச்சா?"

லேப்டாப்பை மூடினாள்.

"இல்ல சார். பாதியில நிக்குது. அந்த இன்பராஜே வந்து உக்காந்தாத்தான் முடியும். அவர வேலைக்கு எடுத்துடலாம் சார்."

தன் வேலையையும் சேர்த்துப் பணயம் வைத்துத்தான் சொன்னாள்.

முரளீதரன் கோபப்படவில்லை. வாட்சைப் பார்த்தார்.

"அவன் எதுக்கும்மா? அடுத்த ஆளக் கூப்பிடு."

எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

வெளியே நாற்காலிகளில் நான்கு பேர். அவள் யார் பெயரையும் சொல்வதற்கு முன்பே நான்கு பேரும் எழுந்து நின்றார்கள்.