விருதுநகரில் பார்க்க வேண்டிய இடங்கள்

"உங்க ஊர்ல பாக்குற மாதிரி என்னென்ன இருக்கு அண்ணாச்சி?"

மாப்பிள்ளை மணிகண்டராஜ் இப்படிக் கேட்டதும் சீனிவாசகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீக? தெப்பக்குளம் இருக்கு, மாரியம்மன் கோயில் இருக்கு, காமராசர் வீடு இருக்கு. வாங்க, ஒரு நடை போயிட்டு வந்துருவோம்."

மாப்பிள்ளை தன் தாயார் பக்கம் திரும்பினான். "நீங்க காலையிலருந்து அலைஞ்சிருக்கீகம்மா. நாங்க வாரதுக்குள்ள செத்த நேரம் படுத்து எந்திரிங்க."

'பொண்ணு எங்க?' என்று அதற்குள் இரண்டு தடவை கேட்டுவிட்ட ஞானசுந்தரி அம்மாள், ஏசி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் பெண் பார்க்க வருவதாகத்தான் பேச்சு. திருத்தங்கல்லிலிருந்து புறப்பட்டு, இருக்கன்குடியில் சாமி கும்பிட்டுவிட்டு, வெயில் தாழ வருகிறோம் என்றவர்கள், கோயிலில் கூட்டமில்லை என்று மத்தியானமே காரில் வந்து இறங்கிவிட்டார்கள். பெண்ணோ வீட்டிலேயே இல்லை. மதுரையில் உட்கார்ந்து பேங்க் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

அதை வெளியே சொல்லவும் முடியாது. "வேலைக்குப் போற பொண்ணு எங்களுக்குத் தோதுப்படாது. வீட்டையும் எங்க அச்சுப் பிரஸ்ஸையும் பாக்கத்தான் ஆளு வேணும்" என்று ஞானசுந்தரி அம்மாள் தரகரிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். பெண் மாரிச்செல்வி அதற்கு மசியவில்லை. "ஒரு வருசமாப் படிச்சிருக்கேன். எழுதாம விட மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். அவளைப் பெற்றவர்கள் பயந்து பின்வாங்கியபோது, விடிவதற்குள் பஸ் ஏற்றிவிட்டு வந்தது தாய்மாமன் சீனிவாசகம்தான். இந்த இடம் கைவிட்டுப் போனால் பழி முழுக்க அவர் தலையில்தான் விடியும். "தலைக்குக் குளிச்சு முடி காய வச்சுக்கிட்டிருக்கா" என்று அக்கா இப்போதைக்கு ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தாள்.

தெப்பக்குளத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

"இது எப்ப வெட்டினது அண்ணாச்சி?"

சீனிவாசகத்தின் பருப்புக் கடை அந்தக் கரையில்தான் இருக்கிறது. ஆனாலும் குளம் எப்போது வந்தது என்று அவர் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

"அது அந்தக் காலத்துலயே வெட்டினது தம்பி."

"யாரு வெட்டுனாக?"

"பெரியவுக."

மாரியம்மன் கோயில் நடை சாத்தியிருந்தது. "அதனால என்ன, வெளிய நின்னு பாப்போம்" என்றான் மாப்பிள்ளை. சீனிவாசகம் பங்குனிப் பொங்கல் கூட்டத்தையும், தீச்சட்டி எடுத்து வருகிறவர்களையும் தனக்குத் தெரிந்தவரை இழுத்து இழுத்துச் சொன்னார். காமராசர் இல்லத்தில் இன்னும் நேரம் போனது. சுவரில் மாட்டியிருந்த ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதியிருந்ததை மாப்பிள்ளை பரீட்சைக்குப் படிப்பதுபோல் நின்று படித்தான். இப்படி ஒரு சரித்திரக் கிறுக்கு வந்து வாய்த்ததற்காக சீனிவாசகம் மனசுக்குள் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டார்.

செல்போன் அடித்தது. அக்கா. ஒதுங்கிப் போய் எடுத்தார்.

"ஏலே, பஸ்ஸு கள்ளிக்குடிகிட்டப் பஞ்சராகி நிக்குதாம். வேற வண்டி மாறி வாராளாம். இந்த அம்மா வேற புரண்டு புரண்டு படுக்காக. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"நான் என்னத்தக்கா செய்ய? காட்டுறதுக்கு ஊர்ல வேற ஒண்ணுமில்லயே."

திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை வாசலில் ஒற்றைக் காலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தான். புது ஷூ கடித்திருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றுதான் சொல்லப்போகிறான். ஆனால் மாப்பிள்ளை கேட்டது வேறு.

"தேசபந்து மைதானம்னு சொல்லுவாகளே, அது எங்கன இருக்கு?"

"இங்கன பக்கந்தான். ஆனா அங்க என்ன இருக்கு தம்பி, வெறும் திடலு."

"இருக்கட்டும். எம்புட்டுப் பெரிய தலைவருக வந்து பேசின எடம்."

திடலையும் பார்த்தார்கள். வெறும் திடல்தான். ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. அதையும் மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "ரயில்வே ஸ்டேஷன் வெள்ளைக்காரன் காலத்துலருந்தே இருக்காமே?" என்றான்.

"ஆட்டோ பிடிப்போமா? காலு நொண்டுதீகளே."

"வேண்டாம் அண்ணாச்சி. நடந்து பாத்தாத்தான் ஊரு மனசுல நிக்கும்."

ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தபோது மறுபடி போன் அடித்தது. அக்காதான்.

"ஏலே, வந்துட்டா. பின்வாசல் வழியா வந்து சேலை கட்டிக்கிட்டிருக்கா. அந்த அம்மா இன்னும் எந்திரிக்கல. நீ கூட்டிட்டு வா."

சீனிவாசகத்துக்கு உடம்பே லேசாகிப் போனது. காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. நேரே கடைக்குப் போய் ஜில்லென்று இரண்டு பன்னீர் சோடா வாங்கி வந்து, ஒன்றை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"குடிங்க தம்பி. பொண்ணு ரெடியாயிட்டாளாம். கிளம்புவோம்."

மணிகண்டராஜ் சோடாவை ஒரே மூச்சில் குடித்தான். ஷூவைக் கழற்றிப் போட்டுக் காலை நீட்டி, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா. எங்கம்மா முழிக்கிறதுக்குள்ள வந்து சேந்துட்டாகல்ல?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். "மாரிச்செல்வி நேத்தே எனக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாக. பரீட்சை நல்லா எழுதிருக்காகளா, மாமா?"