றபீக்கா வீட்டுச் சட்டி

"ஐயோ! இந்தச் சட்டியிலயா காய்ச்சுறீங்க?"

சந்தையிலிருந்து வந்த சுலோஜனா மரக்கறிப் பையை அப்படியே கீழே போட்டாள்.

கொல்லையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தான் ஜெயரூபன். பன்றியிறைச்சி அந்த வீட்டுக் குசினிக்குள் ஏறாது, வெளியில்தான். சிங்கப்பூரில் சீனக் கடையொன்றில் நாலு வருசம் சமைத்துவிட்டு வந்தவன், மனைவிக்கு ஒரு நாளைக்கு ஆக்கிக் காட்டுகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தது இன்றைக்குத்தான் கைகூடியது. சீனியை உருக்கி, வயிற்றுப் பக்கத்து இறைச்சியைத் தோலோடு பிரட்டி, சோயா சோஸ், இஞ்சி, அன்னாசிப்பூ போட்டு மூடி, மெல்லிய நெருப்பில் ஒன்றரை மணி நேரமாகக் காவல் இருந்தான்.

"அடி தடிச்ச சட்டி வேணும் சுலோ. இல்லாட்டிச் சீனி கருகிரும்."

"அது றபீக்கா றாத்தாட சட்டி! நாளைக்குப் பிள்ளையாருக்குப் பாயாசம் காய்ச்ச நம்மட ஒரு சட்டி போதாதெண்டு காலையில அவட மகள் பஸ்னாட்டக் கேட்டு வாங்கினன். பையோட வெச்சிட்டுச் சந்தைக்குப் போய் வாறதுக்குள்ள, முஸ்லிம் வீட்டுச் சட்டியில பண்டியா?"

ஜெயரூபனின் முகம் செத்துப்போனது.

"இல்ல, அதில உன்ட பேர்..."

"பேசாதீங்க!"

ஒரு கொள்ளியை வெளியே இழுத்துவிட்டு மெல்லச் சொன்னான்.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவிக் குடுப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

ஆம்பிளைகளுக்கு எல்லாக் குற்றமும் சவர்க்காரத்தோடு போய்விடும்.

"எனக்குத் தெரியுமே!" என்றாள் சுலோஜனா.

வெள்ளத்தில் இந்த வீடு மூழ்கியபோது இரண்டு பிள்ளைகளையும் பதினைந்து நாள் வைத்துச் சோறு போட்டவள் றபீக்கா. அவள் முகத்தில் எப்படி விழிப்பது? புதுச் சட்டி வாங்கிக் கொடுக்கலாம். ஆனால், சொல்லாமல் கொடுத்தால் அதுவும் ஒரு பொய்தானே.

படலை கிறீச்சிட்டது. றபீக்காவேதான். வேர்த்து விறுவிறுத்து, கையில் இன்னொரு சட்டியோடு.

"புள்ள, பாயாசம் காய்ச்சிட்டியா?"

"இல்ல றாத்தா, நாளைக்குத்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" றபீக்கா படியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவள் வேறெதுவும் கேட்பதற்குள் சுலோஜனா முந்திக்கொண்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மன்னிச்சிருங்க றாத்தா. உங்களுக்குப் புதுசு வாங்கித் தாறன்."

றபீக்கா கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அழாதகா. அந்தச் சட்டியில ஆருட பேர் வெட்டியிரிக்கி எண்டு பாரு."

ஜெயரூபன் விளிம்பில் இருந்த கரியைத் துடைத்தான். சுலோஜனா என்றிருந்தது.

"அதைத்தானே சொல்ல வந்தன்," என்று முணுமுணுத்தான்.

"போன வருசம் பஸ்னாட கலியாணத்துக்கு உன்ட சட்டியை எடுத்தமே, சமையல்காரன் தெரியாம அதில மாட்டிறைச்சி ஆக்கிட்டான். நீங்க மாடு தொடாத ஆக்கள். அதை எப்படிப் புள்ள திருப்பித் தாற? பழசை எங்கட வீட்டிலயே வெச்சிட்டன். இண்டைக்குப் பஸ்னா தெரியாம அதையே எடுத்துத் தந்திட்டாள். பிள்ளையார்ட பாயாசம் கெட்டுப்போகுமே எண்டு விழுந்தடிச்சு ஓடி வாறன்!"

சுலோஜனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப, என்ட பேரோட குசினிக்குள்ள கிடக்கிற மற்றச் சட்டி?"

றபீக்கா முக்காட்டைச் சரிசெய்தாள்.

ஒரு வருசமாகச் சுலோஜனா பிள்ளையாருக்குப் பொங்கிப் படைத்ததெல்லாம், றபீக்கா புதிதாக வாங்கிப் பேரும் வெட்டிக் கொடுத்த சட்டியில்தான்.